நாட்டின் பிறந்தநாளில் யார் நடந்து வரவேண்டும்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "டொக்டர், நீரிழிவைப் பற்றிப் பேசுங்கோ, எல்லாருக்கும் பிரயோசனமாய் இருக்கும்" என்றார். நானும் சம்மதித்தேன். பின்னர் மனதை மாற்றிக்கொண்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும். நீரிழிவைப் பற்றி மதிய உணவின்போது, இரண்டாவது முறை பாயாசம் எடுக்க வருபவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மனதை மாற்றியது ஒரு கேள்வி. கடந்த ஆண்டு இதே மண்டபத்தில் உயர்தர மாணவிகளுக்கான தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு ஒன்றில் பேச வந்திருந்தேன். மருத்துவ பீடத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும், எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்ற வழக்கமான கேள்விகள் முடிந்த பிறகு, பாண்ட் வாத்தியக் குழுவில் மேளம் அடிக்கும் ஒரு மாணவி எழுந்தார். "டொக்டர், பெப்ரவரி நாலாம் திகதி நிகழ்ச்சிக்கு எங்கட பாண்டைக் கூப்பிட்டால் நாங்கள் போகலாமா? அம்மா போ எண்டு சொல்லுறா. ஆனால் நான் போனால் என்ர கூட்டாளி இனி என்னோட கதைக்கமாட்டாளாம். அவளின்ர மாமா 2009இல காணாமல் போனவர்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதலில் சோதனையைப் பாருங்கோ பிள்ளை" என்றேன். மண்டபம் சிரித்தது. அந்தப் பிள்ளை சிரிக்காமல் அமர்ந்துகொண்டார். வீடு திரும்பும் வழியில், கைதடியைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு வெட்கமாக இருந்தது. நோயாளி ஒருவர் நெஞ்சு வலி என்று சொல்லும்போது பகிடி விட்டுத் தப்பிய வைத்தியர் போல நடந்துகொண்டேன். இன்று நான் பேசுவது அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில். ஒரு நாடு தன் தேசிய நாளில் இராணுவ அணிவகுப்பு நடத்த வேண்டுமா என்பதே அவருடைய கேள்விக்குள் இருக்கும் பெரிய கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அணிநடை பிடிக்கும். இந்தப் பாடசாலையில் படித்த எவருக்குத்தான் பிடிக்காது? இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன்பே வெயிலில் நின்று "இடம், வலம்" பழகியதும், வெள்ளைச் சப்பாத்துக்குச் சோக் பூசியதும், கடைசிக்கு முந்திய வரிசையில் என் கால் மட்டும் பிழைத்து ரீச்சரிடம் ஏச்சு வாங்கியதும் மறக்கக்கூடியவையா? நாற்பது பேரின் கால் ஒரே நேரத்தில் நிலத்தில் படும்போது ஒரு சந்தோஷம் வருகிறது. ஆகவே சேர்ந்து நடப்பதை நான் குறைசொல்ல வரவில்லை. யார் நடக்கிறார்கள், எதை ஏந்தி நடக்கிறார்கள், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பவைதான் கேள்விகள்.

என் வாழ்நாளில் நான் கண்ட மிகப் பெரிய ஊர்வலம் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடங்கியது. அப்போது எனக்கு வயது 14. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குள் வந்தார்கள். மழை. சைக்கிள் கரியரில் பாட்டி, தலையில் பெட்டி, கையில் குழந்தை. அந்த ஊர்வலத்துக்கு மேளம் இல்லை. நம் வகுப்பறைகளில் வாங்குகளை ஒதுக்கிவிட்டுக் குடும்பங்கள் குடியிருந்தன. கரும்பலகையில் அன்றைய பாடம் அழியாமல் இருக்க, அதன் கீழே ஒரு தாய் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டியதை நான் பார்த்தேன்.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தது. கண்டி வீதியில் கவச வாகனங்கள் ஓடியபோது எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 22இல் ஆனையிறவு விழுந்தது. மே மாதத்தில் சண்டை சாவகச்சேரிக்கே வந்தது. நாங்கள் வடமராட்சிக்கு ஓடினோம். உயர்தரப் பரீட்சைக்கான குறிப்புகளை உரப்பையில் கட்டிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. செப்டெம்பரில் இராணுவம் நகரை மீண்டும் பிடித்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு நாங்கள் வந்து பார்த்தபோது சந்தைக் கட்டடத்துக்குக் கூரை இல்லை, தென்னைகளுக்குத் தலை இல்லை.

இதையெல்லாம் அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. ஒரு பொருள் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரியும் என்பதைச் சொல்லவே சொல்கிறேன். காலிமுகத்திடலில் கவச வாகனம் உருளும்போது, வானில் போர் விமானங்கள் போகும்போது, கொழும்பில் ஒரு சிறுவன் தந்தையின் தோளில் இருந்து கைதட்டுகிறான். அவனில் ஒரு பிழையும் இல்லை. அதே விமானத்தின் சத்தத்தைத் தொலைக்காட்சியில் கேட்டு எங்கள் அயலில் ஒரு அம்மா அடுப்படிக்குள் போய் நிற்கிறா. ஏன் என்று கேட்டால் அவவுக்கே தெரியாது. போர் நம் மக்களின் மனதில் செய்ததைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு 'மனவடு' என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது. மனவடு உள்ளவருக்கு ஒரு சத்தம் போதும். ஆபத்து கடந்துவிட்டது என்று அறிவு சொல்வதற்கு முன்பே உடம்பு பதுங்குகுழியைத் தேடத் தொடங்கிவிடும்.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாமை. பிறந்தநாள் கேக்கில் அந்தத் தாய் கச்சான் போடுவாவா? கச்சான் கெட்ட பொருள் என்று யாரும் சொல்லவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அது விருப்பமாகவும் இருக்கலாம். ஆனால் பிறந்தநாள் விருந்து எல்லாப் பிள்ளைகளுக்குமானது. என் வாதம் இவ்வளவுதான். தேசிய நாள் என்பது நாட்டின் பிறந்தநாள்.

அந்தப் பிறந்தநாளைப் பற்றியே ஒரு செய்தி இருக்கிறது. இலங்கை 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் அடைந்தது. பெப்ரவரி 10இல் கொழும்பு ரொறிங்டன் சதுக்கத்தில், இன்று நாம் சுதந்திர சதுக்கம் என்று அழைக்கும் இடத்தில், விழா நடந்தது. இலங்கையின் நிரந்தர இராணுவம் எப்போது தொடங்கியது? 1949 ஒக்டோபர் 10. அதற்கு முன் இருந்தது ஆங்கிலேயர் காலத் தொண்டர் படை. அதாவது நம் சுதந்திரம் நம் இராணுவத்தைவிட 20 மாதங்கள் மூத்தது. பீரங்கியால் பெற்ற சுதந்திரமும் அல்ல அது. பேச்சுவார்த்தையாலும் மனுக்களாலும் தேர்தல்களாலும் பெற்றது. அப்படியிருக்க, அந்த நாளின் நடுவில் பீரங்கி எப்படி வந்து அமர்ந்தது?

மறுபக்கத்து நியாயங்களையும் நான் கேட்டிருக்கிறேன். உயிரைக் கொடுத்தவர்களுக்கு நாடு மரியாதை செய்ய வேண்டாமா என்பது முதலாவது. அயல்நாடுகளுக்கு நம் பலம் தெரிய வேண்டும் என்பது இரண்டாவது. பல இனத்தவரும் ஒரே சீருடையில் நடப்பது ஒற்றுமையைக் காட்டும் என்பது மூன்றாவது. சுனாமியின்போதும் வெள்ளத்தின்போதும் முதலில் வந்து நின்றது படையினர்தானே என்பார்கள். அதுவும் பல இடங்களில் உண்மை.

முதலாவது நியாயம் கனமானது. அதை நான் ஒரு நோயாளியிடம் கற்றேன். வைத்தியராகி சில ஆண்டுகளில் தென்பகுதியில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்தேன். விடுதியில் ஒரு முன்னாள் சிப்பாய் இருந்தார். முகமாலையில் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். மிஞ்சிய கால் தொடையில் புண் வந்து சேர்ந்திருந்தார். சுதந்திர தினத்தன்று காலை விடுதித் தொலைக்காட்சியில் அணிவகுப்பு போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அவருக்குத் தெரியும்படி கட்டிலைத் திருப்பி விட்டிருந்தார்கள். நான் போனபோது அவர் மெல்லிய குரலில், "மிஸ், அதைக் கொஞ்சம் நிற்பாட்டச் சொல்லுங்கள்" என்றார். சத்தம் தாங்கவில்லை என்றார். பிறகு, "அங்கே நடப்பவர்கள் எல்லோருக்கும் இரண்டு கால்" என்றார். அவருடைய கிராமம் எங்கே, என்னுடைய ஊர் எது என்று இருவரும் பேசிக்கொண்டோம். சாவகச்சேரி என்றதும் சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் புண்ணுக்கு மருந்து கட்டினோம்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. அணிவகுப்பு படையினரைக் கௌரவிப்பதாகச் சொல்கிறது. ஆனால் அதில் நடப்பவர்கள் நடக்கக்கூடியவர்கள். இறந்தவரும் ஊனமுற்றவரும் இரவில் அலறி எழும்புபவரும் அந்த வரிசையில் இல்லை. அவர்களுக்கு நாடு செய்ய வேண்டிய மரியாதை ஓய்வூதியத்திலும் செயற்கைக் காலிலும் உளநல சிகிச்சையிலும் இருக்கிறது. படைகளுக்கென்று ஆண்டு நிறைவு நாட்கள் இருக்கின்றன. ஒக்டோபர் 10இல் இராணுவம் தன் மைதானத்தில் தன் அணிவகுப்பை நடத்தட்டும். இறந்த பிள்ளைக்காக அழும் தாய் எந்த மொழியில் அழுதாலும் அவவுக்கு ஒரு நாளும் ஒரு விளக்கும் இருக்கட்டும். நாட்டின் பிறந்தநாளில் அது கலக்கத் தேவையில்லை.

2009 மே மாதத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிக் கட்டப் போரில் 6,000க்கும் மேற்பட்ட படையினர் இறந்ததாக அரசு சொன்னது. இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. அதே 2009 யூன் 3இல் காலிமுகத்திடலில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. அதன் பின் ஆண்டுதோறும் ஒரு பக்கம் அணிவகுப்பு, மறுபக்கம் முள்ளிவாய்க்காலை நினைத்து ஒளித்து ஏற்றிய விளக்கு. 2015இல் அந்த நாளின் பெயரிலிருந்து 'வெற்றி' என்ற சொல்லை அன்றைய அரசு எடுத்தது. ஒரு சொல்லை எடுப்பதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த உரை நேர்மையாகாது. 1990களின் முற்பகுதியில் நம் வீதிகளிலும் சீருடையும் துவக்குமாக அணிகள் நடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளாய் வீதியோரம் நின்று பார்த்தோம். கைதட்டினோம். அந்த வரிசையில் போனவர்களில் என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காவும் இருந்தா. இரண்டு பின்னலும் மடித்துக் கட்டியிருந்தா. அவ திரும்பி வரவில்லை. கைதட்டிய கைகளில் என் கையும் ஒன்று. ஆகவே துவக்கோடு நடக்கும் வரிசை பிள்ளைகளின் மனதில் என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

வெளியுலகம் என்ன செய்கிறது? பிரான்ஸ் யூலை 14இல் பெரிய இராணுவ அணிவகுப்பு நடத்துகிறது. அது 1880இல் தொடங்கியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் பிரஷ்யாவிடம் தோற்றிருந்த நாடு, தன் படை மீண்டும் எழுந்துவிட்டது என்று தன் மக்களுக்கே காட்ட விரும்பியது. இந்தியாவின் குடியரசு தின அணிவகுப்பை நம் பெரியவர்கள் தூரதர்ஷனில் பார்த்திருப்பீர்கள். மாநிலங்களின் அலங்கார ஊர்திகள், நடனமாடும் பிள்ளைகள், அவற்றுடன் ஏவுகணைகளும். நமக்கு நினைவில் நின்றவை எவை? அலங்கார ஊர்திகள்தானே.

நாம் சுதந்திரம் பெற்ற அதே 1948இல், டிசம்பர் 1ஆம் திகதி, மத்திய அமெரிக்காவில் கொஸ்தாரிக்கா என்ற சிறிய நாடு தன் இராணுவத்தையே கலைத்தது. அதன் தலைவர் ஹொசே ஃபிகரெஸ் ஒரு இராணுவ முகாமின் சுவரில் சம்மட்டியால் அடித்து அதை அறிவித்தார். அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். அவர்களுடைய சுதந்திர தினம் செப்டெம்பர் 15. முதல்நாள் மாலை பிள்ளைகள் தாங்களே செய்த காகிதக் கூடு விளக்குகளை ஏந்தி வீதியில் நடக்கிறார்கள். மறுநாள் பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுக்கள் நடக்கின்றன. வெசாக் கூடும் கார்த்திகை விளக்கும் தெரிந்த நாட்டுக்கு இது அந்நியமான யோசனையா?

இராணுவமே இல்லாத நாட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சரி, நோர்வேயை எடுங்கள். அவர்களுக்குப் படை உண்டு, நேட்டோவில் அங்கத்துவம் உண்டு, ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பில் ஐந்து ஆண்டுகள் பட்ட துன்பமும் உண்டு. ஆனால் மே 17இல், அவர்களின் அரசியலமைப்பு நாளில், நாட்டின் கண் முழுவதும் பிள்ளைகளின் ஊர்வலத்தில் இருக்கும். ஒவ்வொரு பாடசாலையும் தன் கொடியோடும் பாண்டோடும் நடக்கும். ஒஸ்லோவில் அரச குடும்பம் மாளிகை மாடத்தில் நின்று பிள்ளைகளுக்குக் கையசைக்கும். 1870இல் அது ஆண்பிள்ளைகளின் ஊர்வலமாகத் தொடங்கியது. பெண்பிள்ளைகளைச் சேர்க்க 1889 வரை ஆயிற்று. நமக்குப் பழக்கமான கதைதான்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். அவளுடைய மகள் அந்த ஊர்வலத்தில் நடந்த காணொளியை எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "வீதியோரம் நிண்டு பார்த்துக்கொண்டிருந்தன். எங்க ஓடுறது எண்டு யோசிக்காமல் ஒரு ஊர்வலத்தைப் பார்த்தது இதுதான் முதல்தரம்." இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து வாசிக்கப்போகும் பலருக்கு இந்த வரி விளங்கும்.

காசு விடயத்தையும் வைத்தியராகச் சொல்ல வேண்டும். 2023 பெப்ரவரியில் 75ஆவது சுதந்திர தினத்துக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அது நாடு வங்குரோத்தாகி எழும்ப முடியாமல் இருந்த காலம். வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. "வெளியில வாங்குங்கோ அம்மா" என்று துண்டு எழுதிக் கொடுக்கும்போது அந்த அம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா. வாங்க முடியாது என்று அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாள் விழாவை நிறுத்தினால் மருந்துப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விருந்தாளிக்குக் காட்ட வாசலுக்கு வர்ணம் பூசிவிட்டு உள்ளே நோயாளியைப் பட்டினி போடுவது எந்த வீட்டுக்கும் அழகில்லை.

மாற்றம் வராமலும் இல்லை. 2016 பெப்ரவரி 4இல், பண்டிதர் மு. நல்லதம்பி தமிழில் ஆக்கிய தேசிய கீதம் பல பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய விழாவில் ஒலித்தது. அன்று யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்கள். எத்தனை விமானம் பறந்தும் வராத நெருக்கம் இரண்டு நிமிடப் பாட்டில் வந்தது. 2020இல் அதை விட்டார்கள், அந்த நெருக்கமும் போனது. 2023 சனவரியில் இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சம் பேராகக் குறைக்கப்போவதாக அரசு அறிவித்தது. 2025 பெப்ரவரி 4இல் அணிவகுப்பில் நடந்த படையினரின் தொகையை வெகுவாகக் குறைத்தார்கள், கவச வாகனங்கள் வரவில்லை. வானம் இடிந்து விழவில்லை, நாடும் பலவீனமாகவில்லை. குறைக்கலாம் என்றால் இன்னும் குறைக்கலாம். அந்த இடத்தில் பிள்ளைகளை நடக்கவிடலாம். மாத்தறைப் பிள்ளையும் மூதூர்ப் பிள்ளையும் அட்டன் பிள்ளையும் சாவகச்சேரிப் பிள்ளையும் அவரவர் பாடசாலைக் கொடியோடு.

இனி அந்த மாணவிக்கு என் பதில். அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன்.

மகள், உங்களைக் கேட்டு அழைத்தால், நீங்கள் விரும்பினால், போய் மேளம் அடியுங்கள். இந்த நாட்டின் வீதி உங்களுடையதும்தான். கட்டளையாக வந்தால், வராவிட்டால் பெயர் எழுதப்படும் என்று வந்தால், மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையைக் காக்க வேண்டியவர்கள் இங்கே இருக்கும் பெரியவர்கள், நான் உட்பட. நீங்கள் போனால் உங்கள் தோழியை "அரசியல் கதைக்கிறாள்" என்று சொல்லாதீர்கள். அவளுடைய மாமா எங்கே என்று யாரும் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அதே கேள்விதான். அவளும் உங்களைத் துரோகி என்று சொல்லக்கூடாது. அந்தச் சொல்லால் நாம் இழந்த மனிதர்கள் போதும். முதல்நாள் மாலை அவளுடைய வீட்டுக்குப் போய், "நான் போறன், உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள். கொழும்பில் இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு பெப்ரவரிக்கு முன்பும் செய்திருக்க வேண்டியது அதுதான்.

இதை ஓராண்டு பிந்திச் சொன்னதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சகோதரிகளே, அடுத்த தவணையில் நம் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முடிந்தால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். பாண்ட் முன்னே வரும். பின்னால் நான்கு இல்லத்துப் பிள்ளைகள் வருவார்கள். கடைசிக்கு முந்திய வரிசையில் ஒரு பிள்ளைக்குக் கால் பிழைக்கும். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் கைதட்டுங்கள்.